சகல பாத்தியங்களுடன் ஒரு கட்டம்

கை வைத்த இடத்தில் ஸ்விட்ச் இல்லை.

அறைக்குள் நுழையும்போது இடது கை தன்பாட்டுக்குச் சுவருக்குப் போவதும், பார்க்காமலே ஸ்விட்ச்சைத் தட்டுவதும், குழல்விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிவதும் அவளுக்குச் சிறுவயது முதல் பழகிப்போன விஷயங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்தவளின் விரல்கள் சுவரில் மேலும் கீழும் தடவிப் பார்த்தன. பெயின்ட்டின் சொரசொரப்பு மட்டும் தட்டுப்பட்டது. விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோனால் ஈரச் சுண்ணாம்பு வாசனை. குனிந்து உற்றுப் பார்த்தாள். பெட்டி இருந்த அடையாளமாக ஒரு கோடோ, ஒரு திட்டோ, வருஷக்கணக்காக அழுக்கு விரல் பட்டு உண்டான கறையோ எதுவும் இல்லை. சுவர் கட்டிய நாளிலிருந்தே அங்கே சுவராகத்தான் இருந்த மாதிரி இருந்தது.

"அம்மா, கதவுகிட்ட இருந்த ஸ்விட்ச்ச எடுத்துட்டீங்களா?"

ஹாலில் டிவியில் யாரோ ஓவென்று அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அழுகைக்கு நடுவே அம்மாவின் குரல் வந்தது. "எந்த ஸ்விட்ச்சு?"

"லைட்டு ஸ்விட்ச்சும்மா."

"அங்க எப்பம்மா ஸ்விட்ச் இருந்துச்சு? தூக்கக் கலக்கமா உனக்கு?"

பட்டப்பகலில் விளக்குக்காக மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. மறுநாள் வகுப்பில் புராஜெக்ட்டைக் காட்டியாக வேண்டும். டிவி அழுகை தாங்காமல் கதவைச் சாத்திவிட்டு, மேஜை முன்னால் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். தலைக்கு மேல் விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது.

புராஜெக்ட் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. 'இணையத்துல ஒரு கடை போடுங்க, எதையாவது வில்லுங்க, ஆனா காசு கைமாறக் கூடாது' என்று கணினி வகுப்பு மேடம் சொல்லியிருந்தார். மற்றவர்கள் எல்லாம் கைக்கடிகாரமும் காலணியும் விற்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருக்க, இவளும் இவள் பெஞ்ச் தோழியும் வெறும் இடத்தை விற்றார்கள். ஒரே ஒரு பக்கம். அதைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, யார் வேண்டுமானாலும் ஒரு கட்டத்தை வாங்கித் தன் படத்தை அதில் ஒட்டிக்கொள்ளலாம். விலை, ஒரு சொல். எந்தச் சொல்லானாலும் சரி. வகுப்புப் பிள்ளைகள் 'பசி' கொடுத்தார்கள், 'லீவு' கொடுத்தார்கள், ஒருவன் தன்னை விட்டுப் போனவளின் பெயரையே கொடுத்துத் தலைமுழுகினான். தோழியைக் கல்லூரியே மைனா என்றுதான் கூப்பிடும். வாய் மூடாத பிறவி. அவள் போய் நாலு பேரைப் பிடித்து வந்தால் இவள் உட்கார்ந்து நிரல் எழுதுவாள்.

ஆரம்பத்தில் பக்கம் வெறிச்சென்று ஈயோட்டுகிற கடைபோல இருந்ததால், விற்காத கட்டங்களுக்குப் பின்னால் ஏதாவது ஒரு படம் தெரியட்டும் என்று தன் அறையைப் போட்டிருந்தாள். அலமாரி மேல் ஏறி உட்கார்ந்து எடுத்த படம். கதவு, கதவோரச் சுவர், ஜன்னல், மேஜை, நாற்காலி, விட்டத்தில் விசிறி எல்லாம் அதில் அடங்கிவிட்டன. படத்துக்கு வெளியே மிஞ்சியது அலமாரியும் அவளும்தான்.

அதைவிட எல்லோரும் ரசித்தது விற்பனை வாசகத்தை. அவள் அப்பா பத்திரம் எழுதுகிறவர். வீட்டில் அவர் போனில் சொல்லச் சொல்ல யாரோ எழுதிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு அந்த நடை இவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டம் வாங்கியதும் திரையில் இப்படி வரும்: 'மேற்படி கட்டத்தையும் அதில் அடங்கிய கதவு, ஜன்னல், காற்று, வெளிச்சம், வழிநடை உள்ளிட்ட சகல பாத்தியங்களையும் இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டபடியால், இனி எனக்கும் என்னைச் சேர்ந்தவர்களுக்கும் அதில் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.' மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்து, விற்றது விற்றதாகவே இருக்க வேண்டும், விற்றவளே வந்தாலும் அழிக்க முடியக் கூடாது, அப்படி எழுதினால் முழு மதிப்பெண் என்றார். எழுதினாள். நன்றாகவே எழுதினாள்.

பக்கம் திறந்தது. கதவோரம் ஒரு கட்டம் விற்றுப்போயிருந்தது.

வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. விலையாகக் கொடுத்த சொல், 'வரேன்.'

இந்த ஆளை அவர்களுக்குத் தெரியும். அதாவது, ஆள் யாரென்று தெரியாது, பழக்கம் தெரியும். போன வாரம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டம் வாங்கிக்கொண்டிருந்தார். படம் எதுவும் போடுவதில்லை, ஒவ்வொரு முறையும் அதே சொல். 'பாருடி, கிளம்பும்போதெல்லாம் வரேன்னு சொல்லிட்டுப் போறாரு. நம்ம கிளாஸ் தடியனுங்களுக்கு இந்த மரியாதை இருக்கா?' என்று மைனா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். இவளும் சிரித்திருந்தாள்.

இப்போது அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவர் படம் போடாமல் இல்லை. போட்டிருந்தார். சுவர் நிறம். இந்த அறையின் அதே மங்கிய மஞ்சள், அதே சொரசொரப்பு. அதற்கு அடியில், அவள் எடுத்த படத்தில், இருந்தது ஸ்விட்ச்.

சிரிக்கலாம் என்று பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

பக்கத்தின் மேல் மூலையில் வகுப்புப் பிள்ளைகள் வாங்கிய கட்டங்கள் கும்பலாக இருந்தன. ஒரு பூனை முகம், ஒரு பந்து, மைனாவின் மைனா. அவள் மெல்லத் தலையைத் தூக்கி நிஜச் சுவரின் மேல் மூலையைப் பார்த்தாள். ஒழுகல் என்று இத்தனை நாள் அவள் கண்டுகொள்ளாமல் விட்ட கறைகள், உள்ளங்கை அகலத்தில், வண்ணமாக இருந்தன. மேஜையடியில் இருந்த, சக்கரம் வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மைனாவின் மஞ்சள் அலகு. நகத்தால் சுரண்டினாள். மேலே பூசியதாக இருந்தால் உதிர்ந்து உள்ளே வெள்ளை தெரிய வேண்டும். சுரண்டச் சுரண்ட அலகின் பளிச்சென்ற மஞ்சளில்தான் பொடி கொட்டியது. சுவரே உள்வரை அந்த நிறமாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். சப். கொத்தனார் கரண்டியில் கலவையை எடுத்துச் சுவரில் அப்புகிற சத்தம், ஆனால் மிக மெதுவாக, வீட்டில் யாரோ தூங்குகிறார்கள் என்று பார்த்து அப்புகிறது போல. திரும்பினாள். கதவின் கைப்பிடியும் தாழ்ப்பாளும் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் சுவர்.

குதித்து ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். உள்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு அது. இழுக்கப் பிடி இல்லை. இடுக்கில் நகத்தைச் செருகி இழுத்ததில் நகம்தான் பிய்ந்தது.

"அம்மா! அம்மா, கதவத் தள்ளு!"

டிவியின் சத்தம் குறைந்தது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற அம்மாவின் நடை கதவருகே வந்தது. "என்னடி, உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு என்னத் தள்ளச் சொல்ற?"

"போடலம்மா. தாழ்ப்பாளே இல்ல. நீ தள்ளு, வேகமா தள்ளு!"

"இரு, இரு, கத்தாத. ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. இவ உள்ள மாட்டிக்கிட்டா."

அப்பா வந்தார். இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளுவது மரத்தில் அதிர்ந்தது. கதவு ஒரு நூல் அளவு அசைந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். வெளியே போனதும் இந்தப் பக்கம், மதிப்பெண், மேடம் எல்லாவற்றையும் தலையைச் சுற்றி வீசிவிட வேண்டும். அம்மாவின் மடியில் போய்ப் படுத்துவிட வேண்டும்.

சப். கதவின் அடிப்பக்கம் ஒரு கட்டம். சப். அதற்குப் பக்கத்தில் ஒன்று. கண் எதிரே கதவு கீழிருந்து மேலாகச் சுவராகிக்கொண்டு வந்தது.

"பயப்படாத கண்ணு, அப்பா கடப்பாரைய எடுத்துட்டு வராரு. நீ கொஞ்சம் தள்ளி..." அம்மாவின் குரல் கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி ஆனது. "நீ கொஞ்சம்..."

சப்.

அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். இவள் சுவரில் காதை அழுத்தினாள். குளிர்ந்த ஈரச் சுவர். அந்தப் பக்கம் அம்மா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "நான் எதுக்கு இங்க வந்து நிக்கிறேன்?" என்றாள்.

"எதையாவது எடுக்க வந்திருப்ப. நானே பாரு, கடப்பாரையத் தூக்கிட்டு எதுக்கு நிக்கிறேன்னு தெரியல" என்று அப்பா சிரித்தார்.

செருப்புச் சத்தம் போய்விட்டது. டிவி மறுபடி அழ ஆரம்பித்தது.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். சுவரில் கையால் அடித்தால் தன் எலும்பு அடிபடுகிற சத்தம்தான் கேட்டது. போனை எடுத்து அம்மாவை அழைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது இவளுக்கே கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரு?" இது அப்பா.

"தெரியாத நம்பருங்க."

"விளம்பரக்காரனுங்களா இருக்கும். கட் பண்ணு."

கட்டாயிற்று.

ஜன்னல் இருந்தது. கம்பி போட்ட ஜன்னல், வெளியேற முடியாது, ஆனால் கத்தலாம். கீழே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள், ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஒருவர் வியர்க்க வியர்க்க உதைத்துக்கொண்டிருந்தார், எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணியை ஒரு பெண் மடித்துக்கொண்டிருந்தாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். "இங்க! இங்க பாருங்க!" எதிர்வீட்டுப் பெண் நிமிர்ந்தாள். நிச்சயமாக இவளைப் பார்த்தாள். புருவத்துக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

சப். கீழ் வரிசை போயிற்று. சப், சப். வண்டிச் சத்தம் பாதியானது. கையில் வெயில் சுட்டுக்கொண்டிருந்தது; முழங்கைக்குக் கீழே ஈரமாக ஏதோ நெருக்கியது. இழுத்துக்கொண்டாள். கை வெளியே வந்த இடத்தில் சுவர் வந்து உட்கார்ந்தது. மிச்சம் இருந்த ஒரு கட்டம் வழியாக எதிர்வீட்டுப் பெண் தெரிந்தாள். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

சப்.

வெளியே நல்ல மதியம். அறைக்குள் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும்.

மேஜைக்கு ஓடினாள். தான் எழுதியதுதானே, தன்னால் அழிக்க முடியாதா? கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்து மூன்றாம் முறை உள்ளே போனாள். கதவின் கட்டங்களைத் தேர்ந்து, நீக்கு என்று அழுத்தினாள். திரையில், அவளே உட்கார்ந்து, அவளே சிரித்துக்கொண்டு எழுதி வைத்த பதில் வந்தது. 'மேற்படி சொத்தில் உங்களுக்கு யாதொரு பாத்தியமும் கிடையாது.' மறுபடி அழுத்தினாள். மறுபடி அதுவே. பக்கத்தையே மொத்தமாக இறக்கப் பார்த்தாள். அது கல்லூரிக் கணினியில் இருந்தது. அதன் சாவி மேடத்திடம். மேடத்தின் போன் அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

போன் அதிர்ந்தது. மைனா.

"மைனா! மைனா, கேளு, நான் சொல்றத..."

"ஏய், பாத்தியாடி? வித்துக்கிட்டே இருக்குடி! அந்த வரேன் ஆளு மொத்தமா அள்ளிட்டாருடி! நான் அம்மாகிட்டல்லாம் காட்டிட்டேன்!"

"என் ரூம் கதவு இல்லடி. ஜன்னல் இல்ல. யாரையாவது கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வா. இப்பவே வா."

"என்னடி உளர்ற? சரியா கேக்கல. ஏதோ கெணத்துல இருந்து பேசற மாதிரி இருக்கு. ஆமா, கேக்கணும்னு நெனச்சேன், பின்னாடி இருந்த போட்டோவ மாத்திட்டியா என்ன?"

"என்ன மாத்தினேன்?"

"நாற்காலி மட்டும்தான் மிச்சம் இருக்கு. அது இருக்கற ஒரு கட்டம். முன்னாடி நாற்காலி காலியாத்தானே இருந்துச்சு? இப்ப அதுல..." மைனா சிரித்தாள். "அய்யோ, அதுவும் போச்சு! ஃபுல்! எல்லாம் வித்தாச்சு! நாளைக்கு நமக்குத்தான்டி முழு மார்க்கு. இரு, இந்தத் தடவ வேற வார்த்த போட்டிருக்காரு."

"படிக்காத."

"வந்துட்டேன்."

லைன் போயிற்று. போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. விசிறி நின்றது. அதன் கிறீச்சு இல்லாமல்போனதும்தான், இத்தனை நேரமும் அதற்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது தெரிந்தது. மூச்சு. இவளுடையது இல்லை. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி மூலையில்தான் கிடந்தது, இவள் ஏறிய இடத்தில். அதன் சக்கரம் உருண்டது. கொஞ்சம். நின்றது. மறுபடி கொஞ்சம். மேஜைப் பக்கம் வந்தது.

பின்னால் நகர்ந்தாள். கதவு இருந்த சுவரில் முதுகு முட்டியது. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேஜையைப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. மடிக்கணினியின் வெளிச்சம் சுவரில் அவள் நிழலைப் போட்டிருந்தது. அந்த நிழல் மெதுவாகக் குறுகியது. யாரோ மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்தவர்கள் மூடுகிற மாதிரி, அவசரம் இல்லாமல். டக்.

இருட்டு.

கையில் போன் இருந்தது. அதில் டார்ச் இருந்தது. போடவில்லை. போட்டால் தெரியும்.

சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அம்மா, அம்மா, அம்மா. சத்தம் இல்லாமல் உதடு மட்டும்.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்.

"ஏங்க, இந்தச் சுவர் ஏன் இவ்ளோ மொட்டையா இருக்கு? எதையாவது மாட்டலாங்க."

"மாட்டிடலாம். சும்மாதானே இருக்கு. ஆணியும் சுத்தியலும் கொண்டா."

டங்.

கன்னத்துக்கு அருகில் சுவர் அதிர்ந்தது. டங். டங். பொடி உதிர்ந்து அவள் கண்ணிமையில் விழுந்தது. நாற்காலி அவளுக்குப் பின்னால், இன்னும் பக்கத்தில், உருண்டது. டங். கண்ணுக்கு நேரே, ஒரு விரற்கடை தூரத்தில், ஆணியின் கூர் முனை வெளியே வந்தது.

"அட, வளைஞ்சிடுச்சு. சுவர் சரியில்ல, உள்ள பொக்கையா இருக்கு." அப்பா ஆணியைப் பிடுங்கினார்.

வெளிச்சம்.

எறும்பு நுழையும் அளவு வெளிச்சம். அவள் கண்ணை வைத்தாள். ஹால் தெரிந்தது. மதிய வெயில் தரையில் விழுந்து கிடந்தது. டிவி. சோபா. அப்பா கையில் சுத்தியல். அம்மாவின் புடவை. அம்மா குனிந்து வந்தாள். அம்மாவின் கண், அவள் கண்ணுக்கு நேரே. இமை முடி எண்ணலாம் போல அவ்வளவு பக்கம்.

"அம்மா" என்றாள்.

அம்மாவின் கண் சிமிட்டியது.

"உள்ள காத்து வருதுங்க. சூடா."

"பொக்கைன்னு சொன்னேனே. பூச்சி கீச்சி வரும். அடைச்சிடு."

"இருங்க, ஈர சோப்பு இருக்கு, அத வச்சு அடைச்சிடறேன்."

கண் போயிற்று. செருப்புச் சத்தம் குளியலறைக்குப் போயிற்று. திரும்பி வந்தது. நாற்காலி நின்றுவிட்டது. அவள் கழுத்தில், முடிக்கு அடியில், ஒரு மூச்சு பட்டது. அது குளிர்ச்சியாக இருந்தது.

கண்ணை எடுத்துவிட்டு வாயை ஓட்டையில் வைத்தாள். இருந்த மூச்சை எல்லாம் கூட்டி, "அம்மா, நான்தாம்மா" என்றாள். அம்மா தினமும் தேய்த்துக் குளிக்கிற சோப்பின் வாசனை வந்தது. ஈரமாக, மெத்தென்று, அது அவள் உதட்டில் வந்து ஒட்டியது. நாக்கில் கசந்தது. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுபக்கத்தில் அம்மாவின் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்தது.